போஸ்டரைப் பார்த்தாலே குழு தெரியும்: விஸ்காம் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், விளம்பரப் பாடம் நடத்தும் பேராசிரியர்களுக்கும், செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம். நான் இறுதியாண்டு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவி. எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று எங்கே படிக்கும் விஸ்காம் நண்பர்களிடம் பேசினாலும் கதை ஒன்றாகத்தான் இருக்கிறது. விளம்பரப் பாடம் வந்ததும் வகுப்பை ஆறு ஆறு பேராகப் பிரிக்கிறீர்கள். குழுவுக்கு ஒரு பொருள் கொடுக்கிறீர்கள். செமஸ்டர் முடிவில் ஒரு முழு கேம்பெய்ன் கேட்கிறீர்கள்: பத்திரிகை விளம்பரம், ஹோர்டிங் எனும் சாலையோர விளம்பரப் பலகை, முப்பது நொடிப் படம், ரேடியோ ஸ்பாட், கூடவே தடிமனான ரெக்கார்டு நோட்டு. மதிப்பெண் ஆறு பேருக்கும் ஒன்றே.

குழு வேலையே வேண்டாம் என்று கேட்க இதை எழுதவில்லை. அப்படிக் கேட்பவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. படப்பிடிப்பைத் தனியாளாக நடத்த முடியாது. வெயிலில் ரிஃப்ளெக்டர் பிடிக்கவே இன்னொரு கை வேண்டும். என் மனக்குறை வேறு. ஒரு குழு எப்படி வேலை செய்தது என்பது அது செய்த விளம்பரத்தின் மேலேயே எழுதியிருக்கிறது. வேலையை நாங்கள் எப்படிப் பிரித்துக்கொள்கிறோமோ அப்படியே படமும் வாசகமும் பிரிந்து நிற்கின்றன. நீங்கள் லேஅவுட்டைப் பார்க்கிறீர்கள், கலரைப் பார்க்கிறீர்கள், இதை மட்டும் பார்ப்பதில்லை.

பொருள் கையில் கிடைத்த அன்று மாலையே வாட்ஸ்அப்பில் குரூப் ஒன்று முளைத்துவிடும். முதல் மெசேஜ், "யார் யார் என்ன பண்றீங்க?" யாரிடம் பேசப் போகிறோம், எதைச் சொல்லப் போகிறோம் என்ற பேச்சு எழும் முன்பே வேலை பங்கு போட்டாகிவிடும். அந்தப் பங்கீடு திறமையைப் பார்த்து நடப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். யாரிடம் போட்டோஷாப் ஓடுகிற லேப்டாப் இருக்கிறதோ அவர்தான் ஆர்ட் டைரக்டர். யார் வீட்டில் கேமரா இருக்கிறதோ அவர் ஒளிப்பதிவாளர். தமிழ் வழியில் படித்து வந்தவரிடம் "உனக்குத்தான் தமிழ் நல்லா வருமே, காப்பி எழுதிடு" என்பார்கள். காப்பி என்றால் விளம்பர வாசகம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர் பிரசன்டேஷன் செய்வார். ரெக்கார்டு எழுதுவது கையெழுத்து அழகாக இருக்கிறவர் வேலை. அது ஏனோ எப்போதும் ஒரு பெண்ணாகவே இருக்கிறாள். மிஞ்சுகிறவர் பிரிண்ட் எடுக்கப் போவார். பல நேரம் காசும் அவருடையதே.

முதலாண்டு டிராயிங் வகுப்பில் பென்சிலைப் பிடித்தால் நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்க்கும்படி வரைந்த ஒரு பையன் எங்களோடு இருக்கிறான். அவனிடம் லேப்டாப் இல்லை. அதனால் எந்த விளம்பரத்திலும் அவன் ஒரு கோடுகூட வரைந்தது கிடையாது. பட்டியலில் அவன் பெயருக்கு நேரே எப்போதும் 'காப்பி'. அவன் எழுதுகிற காப்பி சுமார்தான், அவனே சொல்வான்.

ஒரு விளம்பரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பொருள், கோவில்பட்டி கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். ஒரு குழு அதற்குச் செய்த ஹோர்டிங்கின் நடுவில் ஒரு பாட்டி. இணையத்தில் எடுத்த ஸ்டாக் படம். அந்தப் பாட்டியின் சேலைக்கட்டு நம் பக்கத்துக் கட்டே இல்லை. கையில் மண்சட்டி, பின்னால் ஓலைக் கூரை. மேலே பழுப்புப் பட்டையில் "பாரம்பரியத்தின் சுவை". கீழே சின்ன எழுத்தில் "மண்ணின் மணம், பாட்டியின் கைப்பக்குவம்". கடலைமிட்டாய் வலது மூலையில் தீப்பெட்டி அளவுக்கு.

இதில் தப்பு என்று எதையும் கை வைத்துக் காட்ட முடியாது. கலர் பொருந்தியிருந்தது, கட்டம் பிசகவில்லை, நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் பாட்டி சொல்வதையே வாசகம் சொல்கிறது. வாசகம் சொல்வதையே மண்சட்டி சொல்கிறது. மண்சட்டி விட்டதை ஓலைக் கூரை சொல்லி முடிக்கிறது. ஏன் இப்படி ஆனது என்றால், காப்பி எழுதியவர் வீட்டிலிருந்து நாலைந்து வாசகங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். லேப்டாப் வைத்திருந்தவர் அதில் ஒன்றைத் தேர்ந்து, அதற்கேற்ற படம் தேடினார். தேடல் பெட்டியில் 'பாரம்பரியம்' என்று அடித்தால் பாட்டிதான் வருவார். இருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள்.

இதே கடலைமிட்டாய்க்கு எங்கள் வகுப்பில் இன்னொரு விளம்பரமும் பிறந்தது. உங்கள் மேசைக்கு அது வரவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் இரண்டு தோழிகள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டது. ஒருத்தி கோவில்பட்டிக்காரி. படத்தில் ஒரு காலி பாக்கெட், அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு கடலைப் பருப்பு, பக்கத்தில் கசங்கிய பஸ் டிக்கெட்: கோவில்பட்டி – சென்னை. கீழே ஒரே வரி.

"இன்னும் சாத்தூரே வரலை."

கோவில்பட்டியில் ஏறினால் சாத்தூர் அரை மணி நேரப் பயணம். சென்னையில் இருக்கிற அத்தைக்கென்று பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பாக்கெட் அதற்குள் காலி. தென்மாவட்டத்துக்காரர்கள் பார்த்த நொடியில் சிரித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லோரும் அதைச் செய்தவர்கள். (சாத்தூர்க்காரர்கள் காராச்சேவை வைத்துக்கொண்டு எங்களைச் சும்மா விட மாட்டார்கள், அது தனிச் சண்டை.) படத்தை மட்டும் பார்த்தால் அது குப்பை. வரியை மட்டும் படித்தால் யாரோ பஸ்ஸில் சலித்துக்கொள்கிறார். இரண்டையும் சேர்த்துவைக்கிற வேலை பார்ப்பவருடையது. சேர்த்ததும் வாயில் எச்சில் ஊறுகிறது. சுவை என்ற சொல் எங்கும் இல்லை. பாரம்பரியமும் இல்லை, பாட்டியும் இல்லை.

இதில் எந்தப் பாதி யாருடையது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. ஒருத்தி டிக்கெட்டை வரைந்தாள். "அப்ப பாக்கெட் காலியால்ல இருக்கணும்" என்றாள் மற்றவள். சாத்தூர் யார் வாயிலிருந்து வந்தது என்பதில் இன்னும் தகராறு. பிறகு ஏன் உங்களிடம் கொடுக்கவில்லை? குழுவின் பங்கீட்டில் ஒருத்திக்கு ரெக்கார்டு, இன்னொருத்திக்கு ரேடியோ ஸ்பாட். ஹோர்டிங் அவர்கள் 'டிபார்ட்மென்ட்' கிடையாது.

விளம்பரத் தொழில் இந்தச் சிக்கலை முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது. எங்களுக்கு அந்த வரலாற்றை நடத்துவதே நீங்கள்தான். நியூயார்க் ஏஜென்சிகளில் அந்நாளில் காப்பி ரைட்டர் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதுவார். எழுதிய தாள் ஓவியர்கள் இருக்கிற பக்கம் போகும். அவர்கள் அதற்குப் படம் போட்டுக் கொடுப்பார்கள். 1949-இல் தொடங்கிய டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனத்தில் பில் பெர்ன்பாக் எழுதுபவரையும் வரைபவரையும் ஜோடியாக ஒரே அறையில் உட்கார வைத்தார். 1959-இல் ஃபோக்ஸ்வாகனுக்காக ஜூலியன் கோனிக் எழுதி ஹெல்மட் க்ரோன் வடிவமைத்த 'திங்க் ஸ்மால்' (சின்னதாக யோசி) விளம்பரம் அந்த ஏற்பாட்டில் விளைந்ததுதான். கார் என்றால் பக்கத்தை அடைத்துக்கொண்டு பளபளக்க வேண்டும் என்றிருந்த காலம். இவர்கள் பக்கத்தின் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு, மேலே இடது பக்கம் பொட்டு மாதிரி ஒரு காரை வைத்தார்கள். அந்த வாசகம் இல்லாவிட்டால் அந்த வெற்றிடம் அச்சுப்பிழை. அந்த வெற்றிடம் இல்லாவிட்டால் வாசகம் வெறும் அறிவுரை.

நம் நாட்டில் அமுல் வெண்ணெய் விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-இல் அந்தப் புள்ளிப் பாவாடைச் சிறுமியை உருவாக்கியவர்கள் சில்வெஸ்டர் டகுன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸும். பின்னால் பல ஆண்டுகள் ராகுல் டகுன்ஹா, எழுத்துக்கு மனீஷ் ஜவேரி, ஓவியத்துக்கு ஜெயந்த் ரானே என்று மூன்று பேரே அதை ஓட்டினார்கள். நாட்டில் என்ன நடந்தாலும் சுடச்சுட ஒரு ஹோர்டிங். அந்தச் சிலேடைகளில் படத்தை மறைத்தால் வரி பாதி செத்துவிடும்.

இதையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். செய்முறையில் மட்டும் பெர்ன்பாக்குக்கு முந்தைய ஏஜென்சியை நடத்திக்கொண்டிருக்கிறோம். தாளைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆளில்லை, வாட்ஸ்அப் இருக்கிறது.

என் அப்பா சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவர். அங்கே ஒரு படம் நான்கு பிளேட்டுகளாகப் பிரியும்: சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு. நான்கும் தனித்தனியாகத்தான் தாளில் ஏறும். தாளின் ஓரத்தில் சின்னதாகக் கூட்டல் குறி மாதிரி அடையாளம் இருக்கும். நான்கு பிளேட்டின் குறியும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் படம் படமாக இருக்கும். நூலிழை நகர்ந்தால் காலண்டர் முருகனுக்கு இரண்டு உதடு வந்துவிடும். எங்கள் குழுக்களுக்குப் பிளேட் ஆறு இருக்கிறது, அந்தக் குறி இல்லை. ஏஜென்சிகளில் அதற்குத்தான் பிரீஃப் என்று ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். யாரிடம் பேசுகிறோம், அவர் இப்போது என்ன நினைக்கிறார், அவரிடம் சொல்லப் போகிற ஒரே ஒரு விஷயம் என்ன. நாங்களும் பிரீஃப் எழுதுகிறோம், ஆனால் எப்போது தெரியுமா? எல்லாம் முடிந்தபின், ரெக்கார்டில் முதல் பக்கத்தை நிரப்ப. "இலக்குப் பார்வையாளர்கள்: 18 முதல் 60 வயது வரை" என்று எழுதிவைப்போம். அதையும் படித்துவிட்டு நீங்கள் டிக் போடுகிறீர்கள், சார்.

அந்த ஒரு தாளை முதல் வாரமே கேளுங்கள். ஆறு பேரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நீங்கள் திருத்தி ஒப்புதல் தராதவரை யாரும் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது. கெடுபிடியாகத் தெரியலாம். எங்களுக்கு அந்தக் கெடுபிடி வேண்டும்.

அடுத்து, "எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து யோசிங்க" என்று வகுப்பில் நீங்கள் சொல்வது. பிரெய்ன்ஸ்டார்மிங் என்ற முறையை உலகத்துக்குக் கொடுத்தவரே ஒரு விளம்பரக்காரர்தான், பிபிடிஓ ஏஜென்சியின் அலெக்ஸ் ஆஸ்போர்ன். ஏஜென்சி பெயரின் கடைசியில் இருக்கிற 'ஓ' அவர். யேல் பல்கலைக்கழகத்தில் அந்த முறையைச் சோதித்துப் பார்த்து 1958-இல் முடிவை வெளியிட்டார்கள். நால்வர் ஒன்றாக உட்கார்ந்து யோசித்ததையும், நால்வர் தனித்தனியே யோசித்ததைப் பிறகு ஒன்றாகத் திரட்டியதையும் ஒப்பிட்டார்கள். தனித்தனியே யோசித்தவர்கள்தான் கூடுதல் யோசனைகளைக் கொண்டுவந்தார்கள். 1987-இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் அதற்கான முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்கும்போது யோசனை நின்றுபோகிறது.

எங்கள் வகுப்பில் அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். தலைப்பு ஹெல்மெட் என்று வையுங்கள். முதலில் வாயைத் திறப்பவர் "மச்சி, உடைஞ்ச முட்டை" என்பார். அவ்வளவுதான், அதற்குமேல் எல்லோரும் அந்த முட்டையைச் சுற்றியே யோசிப்பார்கள். முட்டைக்கு ஹெல்மெட் மாட்டலாமா, இரண்டு முட்டை வைக்கலாமா, ஒன்று உடைந்தும் ஒன்று உடையாமலும் இருக்கலாமா? காவல்துறை வைத்த "தலைக்கவசம் உயிர்க்கவசம்" என்ற வாசகமே கீழே வந்து உட்காரும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களே, நீங்கள் இதுவரை பார்த்த முட்டைகளை வைத்து ஒரு ஹாஸ்டலுக்கே ஆம்லெட் போடலாம். குழு கூடும் முன் ஒவ்வொருவரும் தனியே, பென்சிலில், கட்டை விரல் அளவுக் கட்டங்களில் பத்து யோசனை போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் முட்டை இரண்டாம் பக்கத்தைத் தாண்டாது. லேப்டாப் இல்லாத அந்தப் பையனுக்கும் அங்கே இடம் கிடைக்கும்.

குழுவில் சிலர் வேலையே செய்வதில்லை என்ற புகார் உங்களிடம் அடிக்கடி வரும். "அதையும் சமாளிக்கக் கத்துக்கணும்மா, ஆபீஸ்லயும் இப்படித்தான்" என்று மேடம் ஒருவர் சொன்னார். ஆபீஸில் வேலை செய்யாதவருக்கும் செய்தவருக்கும் ஒரே இன்க்ரிமென்ட் போட மாட்டார்கள் என்று பதில் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. இந்த விஷயத்திலும் ஆராய்ச்சி பழையது. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, 1913-இல் எழுதினார். ஆள் கூடக்கூட, ஆளுக்கு இவ்வளவு என்று வருகிற இழுவை குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுப்பதில் ஏறக்குறையப் பாதிதான் வந்தது. 1979-இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் ஆகிய மூவரும் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் பார்த்தார்கள், அதே கதை. அவர்களே 1981-இல் செய்த சோதனைதான் உங்களுக்குப் பயன்படும். கூட்டமாகக் கத்தும்போதும் ஒவ்வொருவரின் சத்தமும் தனியே பதிவாகிறது என்று ஆட்களுக்குத் தெரிந்ததும், அந்த மெத்தனம் மறைந்துபோனது. அதாவது ஓபி அடிப்பது பாதி எங்கள் குணம் என்றால், மீதிப் பாதி உங்கள் மார்க் ஷீட்.

பெயர் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். விளம்பரத்தின் பின்புறம், யார் எழுதியது, யார் வரைந்தது, யார் எடுத்தது, யார் அச்சுக்குத் தயார் செய்தது. இது ஏதோ மேல்நாட்டு வழக்கம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்துக் காலண்டர் படங்களின் பிதாமகர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைகிறவராக வந்து கோவில்பட்டியில் தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு பட்டறையாக வேலை செய்தவர். சிவகாசி அச்சகங்கள் அந்தப் படங்களைத் தென்னாட்டுப் பூஜை அறைகள் முழுக்கக் கொண்டு சேர்த்தன. அவர் பெயரும் சீடர் டி. எஸ். சுப்பையா பெயரும் சேர்ந்தே கையெழுத்தாக இருக்கும் படங்கள் உண்டு. குருவுக்கே இல்லாத கூச்சம் எங்கள் குழுத் தலைவர்களுக்கு எதற்கு?

வைவா என்கிற வாய்மொழித் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கான்செப்ட் என்ன?" என்று கேட்கிறீர்கள். ஆறு பேரும் ஒரே பதிலை மனப்பாடம் செய்து வந்திருக்கிறோம். அதற்குப் பதில் காப்பி எழுதியவரிடம், "இந்தப் படத்தை இடது பக்கம் ஏன் வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். லேஅவுட் செய்தவரிடம், "இந்த வரியில் ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால் எதை எடுப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றாக உட்கார்ந்து செய்தவர்கள் சண்டை போட்டதையெல்லாம் சொல்வார்கள். மற்றவர்கள் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிரிந்து வேலை செய்வது தமிழ் எழுத்தை என்ன பாடு படுத்துகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. லேப்டாப்காரர் 'லோரம் இப்சம்' என்ற டம்மி எழுத்தைப் போட்டு லேஅவுட்டை முடித்துவிடுவார். அழகாகத்தான் இருக்கும். காப்பி கடைசி நாள் இரவு வரும், போனில் யுனிகோடில் அடித்தது. அவருடைய போட்டோஷாப்பில் இந்திய எழுத்துகளுக்கான டைப் அமைப்பை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஒட்டியதும் 'கொ' உடையும். முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போகும், நடுவில் ஒரு புள்ளி வட்டம் முழிக்கும். உடனே டிடிபி கடை அண்ணனிடம் ஓடி, பழைய எழுத்துருவில் திரும்ப அடிக்கக் கொடுப்பார்கள். அந்த அவசரத்தில் இரண்டு ஒற்றெழுத்து காணாமல் போகும், ணகரமும் னகரமும் இடம் மாறும். அதோடு போகாது. இங்கிலீஷில் இரண்டு வரியில் அடங்கிய இடத்தில் தமிழ் மூன்று வரி கேட்கும். 'கீ' மேலே சுழிக்கும், 'கூ' கீழே இறங்கும். வரிகளை நெருக்கினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொண்டையும் இடித்துக்கொள்ளும். கடைசியில் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கி உள்ளே திணிப்பார்கள். நசுங்கிய தமிழைப் பார்த்துப் பார்த்து, அதுதான் தமிழ் எழுத்தின் வடிவம் என்று எங்களில் சிலர் நம்பவே தொடங்கிவிட்டார்கள்.

சுவர் விளம்பரம் எழுதுகிற ஓவியர் இப்படிச் செய்ய மாட்டார். அவர் முதலில் வாசகத்தைக் கேட்பார். சுவரைப் பார்ப்பார், நூல் பிடித்துக் கோடு போடுவார், சுண்ணாம்புக் கட்டியில் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்குவார். "ஒரு சொல்லைக் குறைச்சுக்கலாமா சார், எழுத்து பெருசா வரும்" என்று கடைக்காரரிடம் பேரம் பேசுவார். எழுத்தாளரும் ஓவியரும் அவர் ஒருவருக்குள்ளேயே உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். விருந்தினர் உரைக்கு மும்பையிலிருந்து ஆள் வருவதெல்லாம் சரி. ஒரு நாள் அப்படி ஒருவரைக் கூப்பிடுங்கள். சம்பளத்தோடு.

ஹோர்டிங்கை நீங்கள் மதிப்பிடும் முறை இன்னொரு வேடிக்கை. ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து ஃபோம் போர்டில் ஒட்டி உங்கள் முன் நீட்டுகிறோம், நீங்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்கிறீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். பலகை 100 மீட்டர் தூரத்திலிருந்து கண்ணில் படுகிறது என்று வைத்தாலும் ஆறு நொடிதான், அதிலும் ஓட்டுபவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஹோர்டிங்கை வராண்டாவின் கோடியில் வைத்துவிட்டு நடந்துகொண்டே பாருங்கள், அது போதும். அங்கேயே பாதிப் பேரின் பாட்டிகள் காணாமல் போவார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. எங்கள் லேபில் இன்றும் வகுப்புத் தோழியின் முகத்தைப் போட்டோஷாப்பில் நாலு படி ஏற்றித்தான் விளம்பரத்தில் வைக்கிறார்கள். அவளிடம் கேட்பதுகூட இல்லை, ஏனென்றால் அவள் இருப்பது ரெக்கார்டு பிரிவில். ஜோடியாக உட்கார்ந்து செய்கிறவர்களுக்குள் இது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் "ஏன்டா இப்படி வெள்ளையடிக்கிறே?" என்று ஒரு குரலாவது எழும்.

உங்கள் பக்கத்து நியாயமும் தெரியும். அறுபது பேருக்கு ஒரு ஆசிரியர். எல்லோரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்தால் முப்பது கேம்பெய்னை எப்போது பார்ப்பது, எப்போது மார்க் போடுவது? முப்பது வேண்டாம், பத்தே இருக்கட்டும். ஆறு பேர் குழுவும் அப்படியே இருக்கட்டும். குழுவுக்குள் மூன்று ஜோடி: பத்திரிகை விளம்பரத்துக்கு ஒன்று, ஹோர்டிங்குக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. ஒவ்வொரு ஜோடியிலும் இருவரும் எழுத வேண்டும், இருவரும் வரைய வேண்டும். அடுத்த பணியில் ஜோடி மாற வேண்டும். மதிப்பெண்ணில் பாதி குழுவுக்கு, பாதி ஆளுக்கு; அந்த ஆளுக்கான பாதி பென்சில் கட்டங்களுக்கும் வைவாவுக்கும். ரெக்கார்டை ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு பக்கம் அவரவர் கையால் எழுதட்டும். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, படித்துத்தான் ஆக வேண்டும்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் தொழில் துறையிலிருந்து ஒரு பிரதிநிதிக்கும் முன்னாள் மாணவர் ஒருவருக்கும் இடம் உண்டு என்று அறிகிறேன். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களையும் ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் பேசவிடுங்கள். பாட்டி ஹோர்டிங்கையும் சாத்தூர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறோம்.

பாடத்திட்டம் மாற ஒரு வருடம் ஆகும் என்பீர்கள். அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் வேண்டாம். கணினி லேப் வகுப்பு முடிந்ததும் நாலு மணிக்குப் பூட்டப்படுகிறது. அங்கே இருக்கிற எல்லாக் கணினியிலும் போட்டோஷாப் இருக்கிறது. ஏழு மணி வரை திறந்து வையுங்கள். சாவிக்குப் பொறுப்பு யார் என்பதுதான் கவலை என்றால், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள எங்கள் வகுப்பில் ஆள் இருக்கிறது. லேப்டாப் இல்லாதவர்கள்.

இப்படிக்கு,
இறுதியாண்டு விஸ்காம் மாணவி ஒருத்தி